செய்தி வரிசை (மேகக் கணிமை)

செய்தி வரிசை என்பது, ஒரு கணினி நிரல் மற்றொரு நிரலுக்கு அனுப்பும் செய்திகளை, பெறும் நிரல் எடுத்துக்கொள்ளும் வரை இடையில் நின்று காத்துவைக்கும் மென்பொருள் அமைப்பு ஆகும். ஆங்கில வழக்கையொட்டி இது மெசேஜ் கியூ என்றும் அழைக்கப்படுகின்றது. இவ்வமைப்பைச் சொந்தக் கணினியில் நிறுவாமல் இணையத்தின் வழியே வாடகைச் சேவையாகப் பெறும்போது, அது மேகச் செய்தி வரிசை எனப்படும். அமேசான் வெப் சர்வீசஸ் வழங்கும் எளிய வரிசைச் சேவை (சிம்பிள் கியூ சர்வீஸ், சுருக்கமாக எஸ்.கியூ.எஸ்.) இவ்வகையில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. பைத்தான் நிரல்மொழியில் எழுதுவோர் இதனைப் போட்டோ3 என்னும் நிரலகத்தின் (லைப்ரரி) மூலம் பயன்படுத்துகின்றனர்.

ஒரு செய்தியைப் பெறும் நிரல் அதை ஒரே ஒரு முறைதான் பெறும் என்று இத்தகைய வரிசை உறுதி தருவதில்லை. குறைந்தது ஒரு முறையேனும் வந்து சேரும் என்பதே அதன் உறுதி. இவ்வேறுபாட்டின் விளைவுகளைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) – ஒரகடம் தொழில் தடத்தில் நடைபெறும் வாகன உதிரிப்பாக வழங்கலைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

தேவை

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் உள்ள சிப்காட் வளாகங்கள் இத்தொழில் தடத்தின் முதன்மைப் பகுதிகள் ஆகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து உற்பத்தி 1998 ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டணியின் ஆலை 2010 ஆம் ஆண்டிலும், டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலை 2012 ஆம் ஆண்டிலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013 ஆம் ஆண்டிலும் செயற்படத் தொடங்கின. இவ்வாலைகளைச் சுற்றி இருக்கை, கண்ணாடி, கம்பித்தொகுதி, மோதுதாங்கி (பம்பர்) முதலியவற்றைச் செய்யும் நிறுவனங்கள் அமைந்துள்ளன.

வாகனத் தொழிலில் 'வரிசைப்படி வழங்கல்' என்றொரு முறை உண்டு. வண்ணப்பூச்சுக் கூடத்தைவிட்டு வெளிவரும் வண்டிகள் எந்த வரிசையில் ஒன்றிணைப்புத் தடத்துக்குள் நுழைகின்றன என்பது உறுதியானதும், அவ்வரிசை உதிரிப்பாக நிறுவனத்துக்கு அறிவிக்கப்படும். மூன்றாவதாக வரும் வண்டிக்குக் கருப்பு இருக்கையும் நான்காவதாக வரும் வண்டிக்குச் சாம்பல் நிற இருக்கையும் வேண்டுமென்றால், இருக்கைகள் அதே வரிசையில் லாரியில் ஏற்றப்பட்டு, சில மணி நேரத்துக்குள் ஆலையின் வாயிலை அடையவேண்டும். கிடங்கில் பெருமளவு இருப்பு வைக்கப்படுவதில்லை. எனவே ஒரு செய்தி தொலைந்தால் தடம் நிற்கும். ஒரு செய்தி இரட்டித்தால், தேவையற்ற ஓர் இருக்கை லாரியில் ஏறி, அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஓரிடம் தள்ளிப்போகும்.

இச்செய்தியை ஆலையின் கணினி உதிரிப்பாக நிறுவனத்தின் கணினிக்கு நேரடியாக அனுப்பலாம். ஆனால் அது தொலைபேசி அழைப்பைப் போன்றது. மறுமுனையில் ஆள் இல்லாவிட்டால் செய்தி சேராது. மறுமுனைக் கணினி மறுதொடக்கத்தில் இருக்கும் இரண்டு நிமிடங்களில் அனுப்பியவை யாவும் வீணாகும். செய்தி வரிசையோ அஞ்சல் பெட்டியைப் போன்றது. அனுப்புபவர் போட்டுவிட்டுச் செல்லலாம். பெறுபவர் தமக்கு இயலும் வேகத்தில் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை.

வரலாறு

காத்திருப்போர் வரிசை பற்றிய கணிதம், டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1909 ஆம் ஆண்டு வெளியிட்ட தொலைபேசி அழைப்புகள் குறித்த கட்டுரையிலிருந்து தொடங்குகின்றது. கணினி நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருளை வணிக முறையில் பரப்பியவர்களுள் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே குறிப்பிடத்தக்கவர். இவர் 1980களில் உருவாக்கிய 'தகவல் பேருந்து' என்னும் மென்பொருள் அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களில் பயன்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எம்.கியூ.சீரீஸ் 1993 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏ.எம்.கியூ.பி. என்னும் திறந்த நெறிமுறை 2003 ஆம் ஆண்டு ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியில் உருப்பெற்றது. அந்நெறிமுறையைப் பின்பற்றும் கட்டற்ற மென்பொருளான ரேபிட்எம்கியூ 2007 ஆம் ஆண்டு வெளியானது.

எஸ்.கியூ.எஸ். 2004 ஆம் ஆண்டு நவம்பரில் சோதனை நிலையில் அறிவிக்கப்பட்டு, 2006 ஆம் ஆண்டு சூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அமேசானின் மும்பை வட்டாரம் 2016 ஆம் ஆண்டிலும் ஐதராபாத்து வட்டாரம் 2022 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இதே போன்ற வரிசைச் சேவையை வழங்கும் மைக்ரோசாப்ட்டு அசூர், 2015 ஆம் ஆண்டு இந்தியாவில் திறந்த மூன்று வட்டாரங்களுள் ஒன்று சென்னையில் அமைந்தது.

போட்டோ நிரலகம்

மேகச் சேவையுடன் பேசுவதற்கு நிரலகம் கட்டாயமன்று. எஸ்.கியூ.எஸ். அனைத்து வேண்டுகைகளையும் எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறையிலேயே ஏற்கின்றது. ஆயினும் ஒவ்வொரு வேண்டுகையிலும் மறைக்குறியீட்டுக் கையொப்பம் இடுதல், நேர முத்திரை சேர்த்தல், பிழைச் செய்திகளைப் பிரித்தறிதல் ஆகியவற்றை ஒவ்வொரு நிரலரும் புதிதாக எழுதுவது வீண் வேலை. இப்பணிகளை நிரலகம் ஏற்றுக்கொள்கின்றது.

பைத்தானுக்கான போட்டோ நிரலகத்தை மிட்ச் கார்னாட் உருவாக்கினார். அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் (டால்பின்) பெயரே இதற்கு இடப்பட்டது. முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட போட்டோ3 பதிப்பு 2015 ஆம் ஆண்டு நிலைத்த பதிப்பாக வெளிவந்தது. பெயரிலுள்ள 3 என்பது பைத்தான் 3 ஐக் குறிப்பதாகச் சிலர் கருதுவதுண்டு. அது நிரலகத்தின் தலைமுறையை மட்டுமே குறிக்கும்.

நிரலகத்துக்கு இரண்டு தகவல்கள் தேவை. ஒன்று, வட்டாரத்தின் பெயர். மற்றொன்று, அடையாளச் சாவிகள். சாவிகளை நிரலின் உள்ளேயே எழுதிவைப்பது தொடக்க நிலை மாணவர்கள் பலரும் செய்யும் தவறாகும். அந்நிரல் பொதுக் களஞ்சியம் ஒன்றில் பதிவேற்றப்பட்டால், சாவியைக் கண்டெடுப்பவர் எவரும் அக்கணக்கின் செலவில் கணினிகளை இயக்கலாம். சாவிகளைத் தனிக் கோப்பிலோ சூழல் மாறிகளிலோ வைப்பதும், வரிசையில் செய்தி போடும் நிரலுக்குப் போடும் உரிமையை மட்டும் தருவதும் முறையாகும்.

செயற்படும் முறை

அடிப்படைச் செயல்கள் மூன்றே. அனுப்புநர் நிரல் 'சென்ட் மெசேஜ்' கட்டளையால் செய்தியை இடுகின்றது. பெறுநர் நிரல் 'ரிசீவ் மெசேஜ்' கட்டளையால் அதனைக் கேட்டுப் பெறுகின்றது. வேலை முடிந்தபின் 'டிலீட் மெசேஜ்' கட்டளையால் அதனை நீக்குகின்றது. மூன்றாவது கட்டளை ஏன் தனியாக உள்ளது என்பதைப் புரிந்துகொண்டால் இச்சேவையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

பெறுநர் நிரல் ஒரு செய்தியைப் பெற்றவுடன் வரிசை அதனை அழிப்பதில்லை. குறிப்பிட்ட நேரம் வரை பிறர் கண்ணில் படாமல் மறைத்துவைக்கின்றது. இம்மறைவு நேரம் இயல்பாக 30 நொடிகள். அதிகபட்சம் 12 மணி நேரம். செய்தியோடு ஒரு பெறுகைச் சீட்டும் தரப்படும். மறைவு நேரத்துக்குள் அச்சீட்டைக் காட்டி நீக்கக் கோரினால் செய்தி அழிக்கப்படும். கோராவிட்டால், பெறுநர் நிரல் இடையில் செயலிழந்திருக்கலாம் என்று கொண்டு, வரிசை அச்செய்தியை மீண்டும் வெளிக்காட்டும். வேலையை முடிக்கும் முன்பே செய்தியை நீக்கிவிடும் நிரல், மின்தடையின்போது செய்தியை இழக்கும். முடித்தபின் நீக்கும் நிரல் செய்தியை இழக்காது. ஆனால் சில வேளைகளில் ஒரே வேலையை இருமுறை செய்யும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். வரிசைச் சேவைகள் இரண்டாவதை ஊக்குவிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளன.

ஒரு முறை கேட்கும்போது அதிகபட்சம் 10 செய்திகள் கிடைக்கும். எவரும் எடுக்காத செய்தி இயல்பாக 4 நாட்களும், அமைப்பை மாற்றினால் 14 நாட்கள் வரையும் வைத்திருக்கப்படும். ஒரு செய்தியின் அளவு நெடுங்காலம் 256 கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டியிருந்தது. 2025 ஆம் ஆண்டு ஆகத்தில் இவ்வரம்பு 1 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. படங்களையும் பெரிய கோப்புகளையும் வரிசையில் இடுவது இப்பொழுதும் பொருத்தமன்று. கோப்பை வேறிடத்தில் சேமித்து, அதன் முகவரியை மட்டும் செய்தியில் அனுப்புவதே வழக்கம்.

கட்டணம் வேண்டுகைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைகின்றது. மாதத்தின் முதல் 10 இலட்சம் வேண்டுகைகளுக்குக் கட்டணம் இல்லை. வெறுங்கையுடன் திரும்பும் வேண்டுகையும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நொடிக்கு ஒரு முறை கேட்கும் நிரல், செய்தி எதுவும் வராவிட்டாலும் 30 நாட்களில் 25,92,000 வேண்டுகைகளைச் செய்யும். செய்தி வரும் வரை 20 நொடிகள் காத்திருந்து விடை பெறும் 'நீள் வினவல்' முறையில் இது 1,29,600 ஆகக் குறையும். போட்டோ3 இல் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் ஓர் அளவுருவைச் சேர்த்தாலே இது நிகழும்.

இருமுறை வந்து சேர்தல்

ஒரே செய்தி இருமுறை செயற்படுத்தப்படுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மேலே கூறிய மறைவு நேரம் கடந்துபோதல். இருபது நொடிகளில் முடியும் வேலை, வலைப்பின்னல் மந்தமான ஒரு நாளில் நாற்பது நொடிகள் எடுத்துக்கொண்டால், முதல் நிரல் வேலையில் இருக்கும்போதே இரண்டாம் நிரலுக்கும் அச்செய்தி கிடைக்கும். இரண்டாவது, சேவையின் உள்ளமைப்பு. எஸ்.கியூ.எஸ். ஒவ்வொரு செய்தியையும் பல வழங்கிகளில் படியெடுத்து வைக்கின்றது. நீக்கும் வேளையில் ஒரு வழங்கி தொடர்பற்று இருந்தால், அதிலுள்ள படி பின்னர் மீண்டும் தலைகாட்டலாம். இது அரிதாகவே நேரும்.

மூன்றாவது வழி நிரலகமே ஆகும். போட்டோ3 செய்தியை அனுப்புகின்றது. சேவை அதனைப் பெற்று வைத்துக்கொள்கின்றது. ஆனால் 'பெற்றேன்' என்னும் விடை திரும்பும் வழியில் இணைப்பு அறுகின்றது. செய்தி சேரவில்லையா, விடை மட்டும் சேரவில்லையா என்று அனுப்பிய பக்கத்தால் அறிய இயலாது. நிரலகம் தானாகவே மறுமுயற்சி செய்கின்றது. விளைவாக, வரிசையில் இப்போது ஒரே பொருளுடைய இரு செய்திகள் இருக்கும். வரிசையைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். நிரலர் எழுதாத ஒரு வரியால் நிகழ்வதாதலால் இது எளிதில் கண்டுபிடிக்கப்படுவதில்லை.

இதன் விளைவு வெறும் கணினிக் கோளாறாக நின்றுவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, லாரி ஒன்று சரக்குடன் புறப்படத் தயாரானதும் 'சரக்கு ஏற்றப்பட்டது' என்னும் செய்தி வரிசையில் இடப்படுகின்றது எனக் கொள்ளலாம். பெறுநர் நிரல் அதனை எடுத்து விலைப்பட்டியலையும் (இன்வாய்ஸ்) இ-வே பில்லையும் உருவாக்குகின்றது. தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கான இ-வே பில் முறை 2018 ஆம் ஆண்டு சூன் 2 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலத்துக்குள் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இது தேவைப்படும். செய்தி இருமுறை வந்தால், ஒரு லாரிக்கு இரண்டு விலைப்பட்டியல்கள் உருவாகும். ஒன்றுக்கு மட்டுமே சரக்கு இருக்கும். வரிக் கணக்கில் இரண்டும் ஏறும். தவறாக உருவான இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும். சனிக்கிழமை இரவுப் பணியில் நேர்ந்த தவறு திங்கட்கிழமை காலையில் தெரியவந்தால், அக்காலம் கடந்திருக்கும்.

இதற்கான தீர்வையும் இதே வரி முறையிலேயே காணலாம். 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உடைய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஆம் ஆண்டு ஆகத்து 1 முதல் 5 கோடி ரூபாய் ஆனது. இதன்படி ஒவ்வொரு விலைப்பட்டியலுக்கும் 64 எழுத்துருக்கள் கொண்ட பதிவெண் வழங்கப்படுகின்றது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்து மட்டுமே இப்பதிவெண் கணிக்கப்படும். ஆகவே அதே ஆவணத்தை மீண்டும் அனுப்பினால் அதே பதிவெண்ணே வரும். தளம் அது ஏற்கெனவே பதிவானது என்று கூறி மறுத்துவிடும். எத்தனை முறை செய்தாலும் ஒரு முறை செய்த பலனையே தரும் இப்பண்பைக் கணினியியலார் ஐடெம்பொட்டன்சி என்பர். தமிழில் 'மறுசெயல் மாறாமை' எனலாம்.

ஆனால் இக்காப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பெறுநர் நிரல், செய்தி வந்தபின் 'அடுத்த எண்' என்று புதிய விலைப்பட்டியல் எண்ணை உருவாக்கிக்கொண்டால், இரட்டைச் செய்திகள் இரண்டு வெவ்வேறு எண்களைப் பெறும். அரசின் தளம் அவற்றை இரு வேறு விற்பனைகளாக ஏற்றுக்கொள்ளும். எண் வரிசைக்குள் நுழையும் முன்பே, அதாவது லாரி ஏற்றப்பட்ட இடத்திலேயே, இடப்பட்டிருக்கவேண்டும். பெறுநர் நிரல் அவ்வெண்ணைத் தன் தரவுத்தளத்தில் 'ஒருமுறை மட்டும்' என்னும் கட்டுப்பாட்டுடன் பதிந்து, பதிவு மறுக்கப்பட்டால் வேலையைச் செய்யாமல் செய்தியை மட்டும் நீக்கவேண்டும். வரிசை தானாகத் தரும் செய்தி எண்ணை இதற்குப் பயன்படுத்துதல் கூடாது. நிரலகத்தின் மறுமுயற்சியால் உருவான இரு செய்திகளுக்கு இரு வேறு செய்தி எண்களே இருக்கும்.

ஒழுங்கு

பெயரில் வரிசை என்றிருந்தாலும், எஸ்.கியூ.எஸ்ஸின் இயல்பான வகை ரேசன் கடை வரிசையைப் போன்றதன்று. முன்னர் வந்தது பின்னர் வெளிவரலாம். விலைப்பட்டியலுக்கு இது பொருட்டன்று; இருக்கை வரிசைக்கு இது தாங்காது. இதற்கென 2016 ஆம் ஆண்டு நவம்பரில் 'முதலில் வந்தது முதலில்' (ஃபைஃபோ) வகை அறிமுகப்படுத்தப்பட்டது. இதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குழுப்பெயர் தரப்படும். ஒரே குழுவுக்குள் ஒழுங்கு காக்கப்படும். ஒவ்வொரு ஒன்றிணைப்புத் தடத்தையும் ஒரு குழுவாக்கினால், ஒரு தடத்தின் தேக்கம் மற்றொன்றைப் பாதிக்காது.

இவ்வகை இரட்டைச் செய்திகளையும் தடுக்கின்றது. ஆனால் அத்தடுப்பு 5 நிமிடங்களுக்கு மட்டுமே. ஒரே அடையாளத்துடன் ஆறாவது நிமிடம் வரும் செய்தி புதியதாகவே கருதப்படும். மின்தடைக்குப் பின் மீண்டெழும் கணினி, தான் கடைசியாக அனுப்பியது சேர்ந்ததா என்று தெரியாமல் மீண்டும் அனுப்புவது பெரும்பாலும் 5 நிமிடங்களுக்குப் பிறகே ஆகும். எனவே இங்கும் பெறுநர் பக்கத்துச் சரிபார்ப்பு தேவை.

தொடர்ந்து பிழை தரும் செய்தி ஒன்று, அக்குழுவில் தனக்குப் பின்னுள்ள அனைத்தையும் நிறுத்திவைக்கும். இத்தகைய செய்தியைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குப் பின் தனியே ஒதுக்கும் 'சேராச் செய்தி வரிசை' அமைக்கலாம். முகவரி அறிய இயலாத கடிதங்களுக்கென அஞ்சல் துறையில் இருந்த அலுவலகத்தின் பெயரை ஒட்டியே இதற்கு ஆங்கிலத்தில் பெயரிடப்பட்டது. இயல்பான வரிசைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. இருக்கை வரிசையிலோ, ஒரு செய்தி ஒதுக்கப்பட்டால் அடுத்த வண்டியின் இருக்கை இந்த வண்டிக்கு வந்து நிற்கும். அங்கே செய்தியை ஒதுக்குவதைவிட, தடத்தை நிறுத்தி மனிதரை அழைப்பதே பாதுகாப்பானது. செய்தியின் உள்ளே வண்டியின் வரிசை எண்ணையும் எழுதி, இடையில் எண் விடுபட்டால் எச்சரிக்கும் வகையில் நிரலை அமைக்கவேண்டும்.

தொடர்பு அறுதல்

2015 ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைப் புறநகரின் பல வாகன ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. கடலடிக் கம்பிவடம் ஒன்று பழுதுற்று இணைய வேகமும் குறைந்தது. இத்தகைய நாட்களில் மேக வரிசை எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை வேறுபடுத்தி அறியவேண்டும்.

மும்பையில் உள்ள வரிசைக்கு ஏற்கெனவே சென்று சேர்ந்த செய்தி, ஒரகடத்தில் மின்சாரம் இல்லாதபோதும் அங்கே இருக்கும். ஆனால் இயல்பான 4 நாள் வரம்பை மாற்றாமல் விட்டிருந்தால், ஐந்தாம் நாள் அது எச்சரிக்கை எதுவுமின்றி அழிக்கப்படும். மறுபுறம், ஆலை மீண்டும் திறக்கும்போது வரிசையில் தேங்கியிருப்பவை பழைய உற்பத்தித் திட்டத்தின் செய்திகளாக இருக்கலாம். அவற்றை அப்படியே செயற்படுத்தும் நிரல், எவரும் கேட்காத பொருள்களை ஏற்றுமதிக் கூடத்தில் குவிக்கும். செய்தியில் அது உருவான நேரமும், எதுவரை செல்லும் என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

ஆலையிலிருந்து இணையமே இல்லாதபோது மேக வரிசையால் பயன் இல்லை. செய்தியை இடுவதற்கே வழி இராது. நிரலகம் சில முறை முயன்று பிழையைத் திருப்பியளிக்கும். அப்பிழையை நிரல் பொருட்படுத்தாவிட்டால் செய்தி அத்துடன் மறையும். இதற்காக, அனுப்பவேண்டியதை முதலில் ஆலையின் உள்ளூர்த் தரவுத்தளத்தில் எழுதி, தனி நிரல் ஒன்று அங்கிருந்து எடுத்து மேகத்துக்கு அனுப்பும் முறை கையாளப்படுகின்றது. சரக்கு ஏற்றப்பட்டதைப் பதிவதும், அதற்கான செய்தியை எழுதுவதும் ஒரே தரவுத்தளப் பரிமாற்றத்தில் நிகழ்வதால், ஒன்று நடந்து மற்றொன்று நடவாமற் போவதில்லை. இதனை 'அவுட்பாக்ஸ்' முறை என்பர்.

பொருத்தமற்ற இடங்கள்

இயந்திரக் கையை நிறுத்துதல், பற்றவைப்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துதல் போன்ற நொடிக்கும் குறைந்த காலத்தில் முடியவேண்டிய பணிகளுக்கு மேக வரிசை ஏற்றதன்று. அவை ஆலைத் தளத்திலுள்ள பி.எல்.சி. கட்டுப்படுத்திகளின் வேலை. உணரிகளின் அளவீடுகளைத் திரட்ட எம்.கியூ.டி.டி. நெறிமுறையும், பழைய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டிய பகுப்பாய்வுக்குக் காஃப்காவும் பொருத்தமானவை. இணையத்தையே நம்ப விரும்பாத ஆலைகள் ரேபிட்எம்கியூவை உள்ளூர்க் கணினியில் நிறுவலாம். அப்போது அதனைப் பராமரிக்கும் பொறுப்பும் ஆலையையே சாரும்.

பயிற்சி பெற விரும்பும் மாணவர்கள் அமேசானில் கணக்குத் தொடங்கவேண்டியதில்லை. எலாஸ்டிக்எம்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் எஸ்.கியூ.எஸ்ஸைப் போலவே விடையளிக்கும்; அதனைச் சொந்தக் கணினியில் இயக்கி, போட்டோ3 இல் சேவையின் முகவரியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதுமானது. பெறுநர் நிரலை வேலையின் நடுவே நிறுத்திவிட்டு, 30 நொடிகள் கழித்து மீண்டும் இயக்கிப் பார்த்தால், அதே செய்தி இரண்டாம் முறை வருவதைக் காணலாம்.